தூந்திராவைப் பனிப்பாலை என்னலாமா?

டன்ட்ரா, துந்த்ரா, தூந்திரா, தூந்திரம் என்று இந்தச் சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். வடதுருவத்தை ஒட்டி, மண் உறைந்து மரம் வளராமல் கிடக்கும் வெளிக்குப் பெயர் இது. என் ஓட்டு தூந்திராவுக்கு. ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் கோலா தீபகற்பம் இருக்கிறது. அங்கே வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்கள் பேசும் கில்தின் சாமி மொழியில் ‘தூந்தர்’ என்றால் மரமில்லாத மேட்டு நிலம். அந்தச் சொல் ரஷ்ய மொழியில் நுழைந்து, பிறகு உலகமெங்கும் பரவியது. உச்சியில் மரம் வளராத மொட்டைக் குன்றைப் பின்லாந்தில் ‘துந்துரி’ என்கிறார்கள், இதற்கு உறவுச்சொல். மூலத்திலேயே நெடில் இருக்கும்போது ‘டன்’ என்று ஆங்கில உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பனிப்பாலை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 25 செ.மீ.க்குக் கீழேதான் என்பதால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாலை என்றதும் ஒன்றும் விளையாத வெறுநிலம்தான் நம் மனதில் வருகிறது. தூந்திராவோ துருவ மான்கள் மேயும் நிலம். அந்த மேய்ச்சல் மண்ணையே மாற்றுகிறது.

அங்கே மண்ணில் சத்து இல்லாமல் இல்லை. குளிரில் சருகு மக்குவதே இல்லை என்கிற அளவுக்கு மெதுவாக மக்குவதால், தழைச்சத்து செடிக்கு எட்டாமல் அடைபட்டுக் கிடக்கிறது. போதாக்குறைக்கு மேலே பாசி மெத்தைபோல் மூடியிருக்கும். கோடை வெயில் மண்ணுக்குள் இறங்காது. மான் கூட்டம் வந்து மிதித்தால் பாசி நசுங்கி மெலிகிறது, மண் சூடேறுகிறது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. சாணமும் மூத்திரமும் வேர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில் சத்தைத் தருகின்றன. கடித்தாலும் சட்டென்று துளிர்க்கக்கூடிய புல் இந்த நிலையில் புதர்ச்செடிகளை முந்திவிடும். புல்லின் சருகு சீக்கிரம் மக்கும். மண்ணுக்கு மறுபடி சத்து. அந்தப் பச்சையைத் தேடி மான்கள் திரும்பவும் வரும்.

நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வட ஸ்காண்டிநேவியாவில் சாமி மக்கள் பால் கறப்பதற்காகக் கோடையில் மான்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழக்கம் நின்றுபோனது. சுமார் 100 ஆண்டு கழித்தும், குட்டைப் புதர்களுக்கு நடுவே அந்தப் பழைய இடங்கள் பச்சைப் புல்திட்டுகளாகத் தெரிகின்றன. கிடை என்ற சொல்லை அங்கே தயங்காமல் போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் இப்படிப் பச்சை கட்டிவிடாது. வறண்ட மேடுகளில், பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாய்ச் சேர்ந்து வாழும் லைக்கன்தான் முக்கியத் தீவனம். (நாம் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.) அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், கோடையில் காய்ந்திருக்கும்போது குளம்பு பட்டால் நொறுங்கிவிடும். நார்வே–பின்லாந்து எல்லை வேலியின் சில பகுதிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மான்கள் குளிர்காலத்தில் மட்டும் வரும் நார்வே பக்கத்தில் பனிப்போர்வை லைக்கனைக் காப்பதால் தரை வெளிறித் தெரிகிறது. கோடையிலும் மேயும் பின்லாந்து பக்கம் கறுத்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்திலேயே கோடு தெரியும்.

அதனால் பெயராகத் தூந்திரா என்றே எழுதுவோம். பொருள் தெரியும்படி சொல்ல வேண்டிய இடத்தில் ‘உறைவெளி’ எனலாம். தமிழில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் துளியும்தான். இங்கே சேதி காலடி மண் உறைந்து கிடப்பது. தொடர்ந்து 2 ஆண்டுகளாவது உருகாமல் இருக்கும் மண்ணை ‘நிலை உறைமண்’ என்று சொன்னால், உறைவெளி அதற்குப் பக்கத்தில் பொருத்தமாக வந்து நிற்கும். மான்கள் இருக்கிற பகுதியைப் பற்றி எழுதும்போது ‘உறைவெளி மேய்ச்சல் நிலம்’ என்று முழுசாகவே எழுதிவிடலாம்.