எனக்கு இனிப்புநீரே (சர்க்கரை நோய்) கெடையாது, எதுக்கு இந்த மாத்திரை?

மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு அரசாங்க கிளினிக்ல ஃபார்மசி கவுண்டர்ல நிக்கிறேன், 11 வருஷமாச்சு. இங்க வெள்ளை கோட் போட்ட பொம்பளைங்க எல்லாருமே மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. போன வருஷம் ஒரு ஐயா வந்தாரு, 68 வயசு, சின்ன வயசுல ரப்பர் மரத்துல பால் வெட்டினவரு, தோட்டம் செம்பனைக்கு மாறினதும் பனங்குலை பறிக்கிற வேலைக்கு போனவரு. ஹார்ட் வீக்காகி ஆறு மாசத்துல ரெண்டு தடவ வார்டுல படுத்து எழுந்திருச்சிருக்காரு. மருந்து பைய கவுண்டர்ல கொட்டச் சொன்னேன். கொட்டினா, அதுல ஒரு மாத்திரை மட்டும் மூணு மாச சப்ளை, ரப்பர் பேண்டு போட்டு கட்டி வச்சிருக்காரு, ஒரு அட்டையில கூட ஒரு குழி உடையல.

"மிஸ்ஸி, இது கென்சிங் மானிஸ், அதான் இனிப்புநீர், அதுக்கு மருந்தாம், என் மவன் போன்ல தேடிப் பாத்து சொன்னான். எனக்குத்தான் இனிப்புநீர் கெடையாதே. யாரு மருந்தோ மாறி வந்துருச்சு, பாவம் அவங்களுக்கு தேவைப்படும்னு பத்திரமா எடுத்து வச்சேன்."

அடுத்தவங்க மருந்தாச்சேன்னு மூணு மாசம் காப்பாத்தி வச்சிருக்காரு அந்த மனுஷன். ஆனா அது அவரோட மருந்து, அதுவும் அந்தப் பையிலேயே அவருக்கு ரொம்ப தேவையான மருந்துல ஒண்ணு. கால கொஞ்சம் காட்டுங்க ஐயான்னு சொல்லி முழங்காலுக்கு கீழ எலும்பு மேல கட்டைவிரல வச்சு அழுத்தினேன், எடுத்தப்புறமும் குழி அப்படியே நின்னுச்சு. சிலிப்பர் வார் தோல்ல பதிஞ்சு கோடு போட்டிருந்துச்சு. மருந்து வேணாம்னு அவர் ஒதுக்கல, மருந்தோட பேரு பழசு, வேலை புதுசு, அத அவருக்கு புரியிற மாதிரி யாரும் சொல்லல, அதுல எங்க கவுண்டருக்கும் பங்கு இருக்கு.

அந்த மாத்திரை டாபாகிளிஃப்லோசின். இதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொண்ணு இருக்கு, எம்பாகிளிஃப்லோசின். இந்த வகை மருந்துக்கு மூலம் ஆப்பிள் மரப்பட்டை, அதுல இருந்து ஃபுளோரிசின்னு ஒரு பொருள 1835லயே பிரிச்சு எடுத்துட்டாங்க. நம்ம கிட்னி வடிகட்டுற சர்க்கரைய மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும், இந்த மருந்து அந்த வழிய அடைக்குது, சர்க்கரை ஒண்ணுக்குல போயிரும், கூடவே உப்பும் தண்ணியும் கொஞ்சம் வெளியேறும். இனிப்புநீருக்குன்னுதான் செஞ்சாங்க. 2008ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இனிப்புநீருக்கு புதுசா மருந்து கொண்டு வந்தா அதனால ஹார்ட்டுக்கு கெடுதல் இல்லன்னு ஆராய்ச்சி செஞ்சு காட்டணும்னு சொல்லிருச்சு. கெடுதல் இருக்கான்னு பாக்கப் போன எடத்துல நல்லது கெடைச்சுது. 2015ல எம்பாகிளிஃப்லோசின் ஆராய்ச்சி வந்துச்சு, இனிப்புநீரும் இதய நோயும் சேந்து உள்ள 7,020 பேருல, இதய, ரத்தக்குழாய் நோயால வர்ற சாவு 38 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. அப்புறம் 2019ல டாபா-எச்எஃப் ஆராய்ச்சி, ஹார்ட் வீக்கான 4,744 பேரு, அதுல பாதிக்கு மேல இனிப்புநீரே இல்லாதவங்க, அவங்களுக்கும் அதே அளவு பலன். ஹார்ட் நிலைமை மோசமாகுறதும் இதய, ரத்தக்குழாய் நோயால வர்ற சாவும் சேத்து 26 சதவீதம் கொறஞ்சுது. இப்ப இது ஹார்ட் வீக்குக்கு குடுக்குற முக்கியமான நாலு வகை மருந்துல ஒண்ணு. இனிப்புநீர் இல்லாதவங்களுக்கு இத மட்டும் சாப்பிட்டா சுகர் தடால்னு எறங்கிராது, அந்த பயம் வேணாம்.

இத அந்த ஐயாகிட்ட சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, மவனுக்கும் போன் போட்டு ஸ்பீக்கர்ல பேசினேன். டாக்டரும் பாத்துட்டு அன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து கடை வரைக்கும் நிக்காம நடந்து வர்றேன்னு சொன்னாரு. இந்த ஒரு மாத்திரையால மட்டும்னு நான் சொல்ல மாட்டேன், உப்பும் கொறைச்சிருந்தாரு, கருவாட்ட வீட்டம்மா நிறுத்திட்டாங்க.

இந்த மருந்து சாப்பிடுறவங்க ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கணும். ஒண்ணுக்குல சர்க்கரை போறதால அந்த எடத்துல பூஞ்சை பிடிச்சு அரிக்கலாம், போயிட்டு வந்தா கழுவி ஈரம் இல்லாம வச்சுக்குங்க, அரிப்பு வந்தா வெக்கப்படாம சொல்லுங்க, சின்ன கிரீம்ல சரியாகுற விஷயத்துக்கு மருந்தையே நிறுத்திட்டவங்கள பாத்திருக்கேன். இன்னொண்ணு, வாந்தி வயித்துப்போக்குன்னு சாப்பிட முடியாம கெடக்குற நாள்ல இத நிறுத்தி வைக்கணும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு காவடி எடுக்க நாள்கணக்குல விரதம் இருப்பீங்க, ஒரு நேரம்தான் சாப்பாடு, வெயில்ல நடை, தண்ணியும் கொறைவு. விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, அதுவும் இனிப்புநீர் உள்ளவங்க கண்டிப்பா, ஏன்னா இந்த மருந்தோட பட்டினியும் சேந்தா ரத்தத்துல அமிலம் ஏறலாம், சுகர் டெஸ்ட் பண்ணா நார்மலா காட்டலாம், ஆனா ஆள் கவலைக்கெடமா இருப்பாங்க. விரதம் இருக்காதீங்கன்னு நான் சொல்லல. சொல்லிட்டு இருங்க.

இதே கதை வேற மாத்திரையிலயும் நடக்குது. ஒரு ஆண்டி ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சவங்க, ஈப்போவுல ஸ்பெஷலிஸ்ட் கோல்சிசின் எழுதியிருந்தாரு, "கௌட்டே இல்லாதவளுக்கு கௌட் மாத்திரை எதுக்கு?"ன்னு கேட்டாங்க. கௌட்டுன்னா யூரிக் அமிலத்தால வர்ற மூட்டுவலி. கேட்டாங்க பாருங்க, அதுதான் சரி. ரத்தக்குழாய்ல கொழுப்பு படியறது மட்டும் பிரச்சனை இல்ல, அந்த எடம் உள்ளுக்குள்ள புண்ணு மாதிரி அழற்சியா இருக்கும், அப்படி இருக்குறதுதான் வெடிச்சு ரத்தம் உறைஞ்சு அடைக்குது. அந்த அழற்சிய அமத்த கொறஞ்ச டோஸ், தெனம் 0.5 மில்லிகிராம். 2020ல வந்த ஒரு ஆராய்ச்சியில 5,522 பேர வச்சு பாத்ததுல, மருந்து சாப்பிட்டவங்களுக்கு அட்டாக் மாதிரி சம்பவங்கள் 31 சதவீதம் கொறஞ்சுது, 2023ல அமெரிக்காவுல இதயத்துக்குன்னே அனுமதி குடுத்தாங்க. ஆனா 2024ல அட்டாக் வந்த கையோட குடுத்த பெரிய ஆராய்ச்சியில பலன் தெரியல, அதனால எல்லாருக்கும் எழுத மாட்டாங்க, ஆள் பாத்துதான் எழுதுவாங்க. கிட்னி வீக்கானவங்களுக்கும், கிளாரித்ரோமைசின்னு ஆன்டிபயாட்டிக் கூடவும் இது ஆபத்து. வீட்ல மாமாவுக்கு வாங்கின கௌட் மாத்திரை அலமாரியில கெடக்குன்னு நீங்களா எடுத்து போட்டுக்காதீங்க.

ஆம்பளைங்க வெளிய சொல்லாம நிறுத்துற மாத்திரை ஒண்ணு இருக்கு, ஸ்பைரோனோலாக்டோன். தண்ணி மாத்திரைன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க, கால் வீக்கம் வத்திருச்சுன்னா நிறுத்திடுறாங்க. 1999லயே நிரூபிச்சது, மோசமான ஹார்ட் வீக்கு உள்ளவங்கள்ல சாவ 30 சதவீதம் கொறைச்ச மருந்து இது. பிரச்சனை என்னன்னா பத்துல ஒரு ஆம்பளைக்கு மாருல வலி, வீக்கம் வந்துரும். யார்கிட்ட சொல்றது? சட்டைய கழட்டி தோட்டத்துல வேலை செய்ய கூச்சமா இருக்குன்னு ஒரு அண்ணன் ஒரு வருஷம் கழிச்சுதான் சொன்னாரு, அதுக்குள்ள மருந்த நிறுத்தி பாதி வருஷம் ஆகிருச்சு. எப்லெரினோன்னு மாத்து மருந்து இருக்கு, அதுல இந்த தொல்லை ரொம்ப கொறைவு. இந்த ரெண்டுமே ரத்தத்துல பொட்டாசியத்த ஏத்தும், அதனால ரத்தம் எடுக்கச் சொன்ன தேதிய தவற விடாதீங்க, இளநியிலயும் பொட்டாசியம் இருக்கு, தெனம் ரெண்டு மூணு குடிக்கிறவங்க அதையும் சொல்லுங்க.

பிசோப்ரோலோல் சாப்பிடுறவங்க "என் பிரஷர் நார்மலாத்தானே இருக்கு"ம்பாங்க. அது பிரஷருக்கு மட்டும் இல்ல, ஹார்ட்டோட வேகத்த கொறைச்சு ஓய்வு குடுக்கறதுக்கும்தான். சட்டுனு நிறுத்தினா நெஞ்சுவலி திரும்பலாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரை கை கால வலிக்குதுன்னு நிறுத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2020ல இங்கிலாந்துல அப்படி நிறுத்தின 60 பேருக்கு சில மாசம் நெஜ மாத்திரை, சில மாசம் வெறும் மாவு மாத்திரைன்னு எது எதுன்னு சொல்லாம குடுத்தாங்க. நெஜ மாத்திரையில வந்த தொந்தரவுல 90 சதவீதம் மாவு மாத்திரையிலயும் வந்துச்சு. வலி பொய்ன்னு அர்த்தம் இல்ல, வலி நெஜந்தான், ஆனா பெரும்பாலும் காரணம் மாத்திரை இல்ல. தசையெல்லாம் ரொம்ப வலிச்சு ஒண்ணுக்கு கோப்பி கலர்ல போனா மட்டும் ஒடனே வாங்க.

வாரம் ஒருக்கா போடுற செமாகுளுடைட் ஊசி பத்தியும் கேக்குறாங்க. 2023ல 17,604 பேரு, எடை கூடினவங்க, ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவங்க, இனிப்புநீர் இல்லாதவங்க, அவங்களுக்கு அட்டாக், ஸ்ட்ரோக், இதயச் சாவு சேத்து 20 சதவீதம் கொறைஞ்சுது. நல்ல மருந்துதான், வெல அதிகம். ஃபேஸ்புக்ல சல்லிசா கெடைக்குதுன்னு வாங்கிராதீங்க, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஹார்ட் வீக்காகி வார்டுல இருந்து வந்ததும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அப்பொய்ன்மென் குடுக்குறாங்களேன்னு சலிச்சுக்கிறாங்க, தோட்டத்துல இருந்து வர்றதுக்கு மோட்டர் சைக்கிள்ல கொண்டு விட ஒரு ஆள் வேணும், அவனுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், எனக்கு தெரியும். ஆனா 2022ல வந்த ஆராய்ச்சியில டிஸ்சார்ஜ் ஆன கையோட அடிக்கடி வரவச்சு ஹார்ட் மருந்தோட டோஸ வேகமா ஏத்தினவங்கள்ல 180 நாளுக்குள்ள மறுபடி வார்டுக்கு போனது, இல்ல இறந்தது 15.2 சதவீதம், வழக்கமா பாத்தவங்கள்ல 23.3. ஒரு வெள்ளி (ரிங்கிட்) குடுத்து பாக்குற கிளினிக்ல கெடைக்கிற பெரிய வைத்தியம் இது, முடிஞ்ச வரைக்கும் அந்த தேதிய விடாதீங்க.

கடைசியா, நெஞ்சுவலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிற ஜிடிஎன் மாத்திரை, பழுப்பு கண்ணாடி பாட்டில். அத பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தினா வீரியம் போயிரும், பாட்டில்லயே மூடி இறுக்கி வைங்க, தெறந்த தேதிய மேல எழுதுங்க, தெறந்து எட்டு வாரத்துக்கு மேல ஆனா புதுசு வாங்கிக்குங்க. நெஞ்சு பிசைஞ்சு மாத்திரை வச்சும் அஞ்சு நிமிஷத்துல கொறையலன்னா 999 அடிங்க, மோட்டர்ல ஏறி உக்காராதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ஜிடிஎன்னும் ஆம்பளைங்களுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையும் சேந்தா பிரஷர் கீழ விழுந்து உயிருக்கே ஆபத்து. மாத்திரை நான் போடலியேன்னு சொல்லுவீங்க, ஆனா கடையில தெம்பு கோப்பின்னு விக்கிற சில பாக்கெட்ல இந்த மருந்த ரகசியமா கலக்குறாங்க, சுகாதார அமைச்சு பல தடவ பிடிச்சு எச்சரிக்கை குடுத்திருக்கு. அந்த கோப்பி குடிக்கிறவங்க எங்ககிட்ட சொல்லணும். பொம்பள புள்ளைகிட்ட எப்படி சொல்றதுன்னு இருந்தா கவுண்டர்ல ஆம்பள ஃபார்மசிஸ்ட் இருக்காரான்னு கேளுங்க, தனி ரூம்ல கூட்டிட்டு போய் பேசுவாரு, பாக்கெட்டையும் கையோட கொண்டு வாங்க.