நைலான் ஸ்டாக்கிங்ஸில் ஏணி விழுவது ஏன்?

1940 மே 15. அமெரிக்கா முழுக்க நைலான் ஸ்டாக்கிங்ஸ் கடைகளுக்கு வந்த நாள். அதுவரை பெண்கள் தொடைவரை இழுத்து மாட்டிய நல்ல காலுறைகள் பட்டில் ஆனவை. அந்தப் பட்டில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. 1938-இல் டூபாண்ட் நிறுவனம் புது இழையை அறிவித்தபோது, எஃகு போல உறுதி, சிலந்தி வலை போல மெலிசு என்று சொன்னது. ஆனால் நாற்காலியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிலாம்பு பட்டால் போதும், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே கோடு ஒன்று ஓடிவிடும். பிரிட்டனில் அதற்குப் பெயரே ஏணிதான்.

இழையின் மேல் குற்றமில்லை. டூபாண்டின் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்கூடத்தில் 1930-இல் அவருடைய சகா ஜூலியன் ஹில் ஒரு பாலியெஸ்டர் கூழைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு இழுத்தார். அது அறுபடாமல் நீண்டுகொண்டே போனது. நடைக்கூடம் நெடுக இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க இழை உறுதியானது. கலைந்து கிடக்கும் முடியை வாரிவிட்டது போல, உள்ளே தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் படிந்துவிட்டன. அதே ஆய்வுக்கூடத்தில் 1935-இல் பிறந்த நைலானில் இன்னொரு பலமும் உண்டு: பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடிக்கும். கரோதர்ஸ் 1937-இல் இறந்துவிட்டார். தன் இழை கடைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

இழையின் நேர்த்தியை டெனியரில் சொல்வார்கள். 9000 மீட்டர் இழை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 15 டெனியர் நைலான் சுமார் 0.04 மில்லிமீட்டர் தடிமன்தான். தலைமுடியைவிட மெலிசு.

சரி, அப்புறம் ஏன் ஏணி விழுகிறது? வேட்டியை இழுத்தால் கொடுக்காது. பனியனை இழுத்தால் கொடுக்கும். வேட்டியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பனியனில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் முந்தைய வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. காலுறையும் அப்படித்தான். கண்ணிகள் விரிந்து சுருங்குவதால்தான் கெண்டைக்காலின் பருமனிலும் கணுக்காலின் ஒடுக்கத்திலும் அது ஒட்டி நிற்கிறது.

ஒரு கண்ணி அறுந்தால் அது பிடித்திருந்த கண்ணிக்குப் பிடி போய்விடும். அது நழுவி நேராகிக் குறுக்குக் கம்பியாகக் கிடக்கும். உடனே அடுத்தது, அதற்கடுத்தது. பருத்தி நூலின் சொரசொரப்பு இந்த நழுவலைக் கொஞ்சம் தடுக்கும். நைலான் வழவழப்பானது, போதாததற்குக் காலின் மேல் இழுபட்டு நிற்கிறது. நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தால் ஓட்டம் நிற்பது, அது கண்ணிகளை அப்படியே ஒட்டிவிடுவதால்தான்.

போர் வந்ததும் நைலான் பாராசூட்டுக்குப் போனது. அந்தக் காலத்துக் காலுறையைத் தட்டையாகப் பின்னி, பின்புறம் மூட்டித் தைப்பார்கள். காலுறை கிடைக்காத பெண்கள் அந்தத் தையல் கோட்டைப் புருவப் பென்சிலால் வெறுங்காலில் வரைந்துகொண்டார்கள். போர் முடிந்து 1946-இல் பிட்ஸ்பர்க்கில் 13,000 ஜோடிக்குச் சுமார் 40,000 பேர் வரிசையில் நின்றார்கள்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஏணி விழுந்ததற்காகத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? ஏணியைச் சரிசெய்து தரவே ஆட்கள் இருந்தார்கள். கிண்ணம் போன்ற ஒன்றின் வாயில் காலுறையை இழுத்துப் பிடித்து, மூடித்திறக்கும் சின்ன நாக்கு வைத்த கொக்கி ஊசியை, பிழைத்திருக்கும் கடைசிக் கண்ணிக்குள் விடுவார்கள். அடுத்த கம்பியைக் கொக்கி பிடிக்கும், நாக்கு மூடும், பழைய கண்ணி அதன் மேல் வழுக்கி இறங்கும். கம்பி மறுபடி கண்ணியாகிவிடும். இப்படியே ஒவ்வொரு கம்பியாக, அறுந்த இடம்வரை. அங்கே ஒரு முடிச்சு.