மனஸ்தாபம்: யாருக்கு யார்மேல்?

இரவுச் செபத்தின் முடிவில் பாட்டி, செய்த பாவத்துக்கு வருந்திக் கத்தோலிக்கர் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுவார். "எனக்கு இந்த மனஸ்தாபமே அல்லாமல் வேறே மனஸ்தாபமில்லை" என்ற வரி வரும்போதெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோயிருந்த காலம் அது. அதையும் வீட்டில் மனஸ்தாபம் என்றுதான் சொன்னார்கள். பாட்டிக்கும் சர்வேசுரன் என்று அவர் அழைக்கும் கடவுளுக்கும் நடுவே என்ன வரப்பு என்று யோசித்தபடியே தூங்கிப்போவேன்.

மனஸ் என்பது மனம். தாபம் என்பது சூடு. செய்த தவற்றை நினைத்து மனம் வேகிறதே, அந்த வேக்காட்டுக்குப் பெயர் மனஸ்தாபம். வடமொழியில் மனவேதனை, செய்ததற்கு வருந்துதல் என்பவையே இதன் பொருள். இரண்டு பேருக்கு இடையிலான பிணக்கு என்பது பேச்சுத் தமிழ் பிறகு ஏற்றிய பொருள்.

இந்தத் 'தாப'க் குடும்பத்தின் கதையே விநோதமானது. பச்சாத்தாபம் என்றால் பின்னால் எழும் சூடு, அதாவது செய்து முடித்த பின் வாட்டும் வருத்தம். அனுதாபத்துக்கும் வடமொழியில் ஏறக்குறைய அதே பொருள்தான். பரிதாபம் என்பது சுற்றிலும் சுடும் வேதனை. இன்றைக்குத் தமிழில் பச்சாதாபமும் பரிதாபமும் பிறர் நிலை கண்டு இரங்குவதற்கும், அனுதாபம் இரங்கல் கூட்டத்துக்கும், மனஸ்தாபம் பங்காளிச் சண்டைக்கும் என்று ஆகிவிட்டன. தன் குற்றத்துக்காகத் தானே வேக வேண்டிய சூட்டை நாம் அடுத்தவர் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம். கழிவிரக்கம் என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் தப்பவில்லை. கழிந்துபோனதை எண்ணி இரங்குவது என்றிருந்த அது, தன்மேல் தானே பரிதாபப்படுவது என்ற அளவில் நிற்கிறது.

பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது செபப் புத்தகம்தான். லத்தீனில் இதற்குரிய சொல்லுக்கு நொறுங்குதல், அரைபடுதல் என்று பொருள். 51ஆம் சங்கீதம் பேசும் "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்" அதுவே. செபத்தைத் தமிழில் தந்தவர்களோ அரைபடும் மனத்தை விட்டுவிட்டு எரியும் மனத்தை எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அந்த மாற்றம் நன்றாகவே பொருந்துகிறது.

முன்னால் நிற்கும் 'உத்தம' வெறும் அலங்காரமன்று. 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வருத்தத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னது. நரகத்துக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பை உணர்ந்தோ வருந்துவது ஒன்று. கடவுளை நேசிப்பதாலேயே, அவருக்குப் பொருந்தாததைச் செய்துவிட்டோமே என்று வருந்துவது மற்றொன்று. முதலாவதைச் சங்கம் தள்ளிவிடவில்லை. அது குறைவானது, ஆனால் நல்லது என்றது. இரண்டாவதே உத்தம மனஸ்தாபம். மந்திரத்தின் வரிசையைப் பாருங்கள். "அளவில்லாத சகல நன்மைச் சுரூபி" என்று தொடங்கி, முழுமனதோடு நேசிக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் பாவத்தின் பேச்சே வருகிறது. அதன் பின் "கெட்டியான மனதோடே" பிரதிக்கினை. கெட்டியான மனது! உறுதி என்று எழுதியிருந்தால் இந்த அழுத்தம் கிடைத்திருக்காது.

புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் மனஸ்தாபத்துக்கு வேறு வேலை. மனிதனைப் படைத்ததற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்கிறது ஆதியாகமம். இயேசுவைக் காட்டிக்கொடுத்து, பின் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவரும் யூதாசும் மனஸ்தாபப்படுகிறான். ஆனால் யோவான் ஸ்நானனும் இயேசுவும் மக்களைப் பார்த்துச் சொல்வது "மனந்திரும்புங்கள்" என்று. இது மொழிபெயர்ப்பாளரின் கைப்போக்கில் வந்த வேறுபாடு அன்று. யூதாசுக்குக் கிரேக்க மூலத்தில் வருவது மெட்டமெலோமாய், செய்ததை நினைத்து நொந்துகொள்வது. மற்றதற்கு மெட்டனோயா, மனமே மாறுவது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 7:10இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: தேவனுக்கேற்ற துக்கம், பின்பு "மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல்" மனந்திரும்புதலை உண்டாக்குகிறதாம். யூதாசும் வெந்தான், திரும்பி வரவில்லை.

மனந்திரும்புதல் என்ற கூட்டுச்சொல்லை நான் எப்போதும் மெச்சுவேன். கிரேக்கச் சொல்லில் மனம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லான 'ஷூப்' என்பதில் திரும்பி வருதல் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறது தமிழ்.

இன்றைய கத்தோலிக்க வழக்கு மனமாற்றம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலை இடும்போது "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்கிறார் குருவானவர். எனக்கு இதில் ஒரு சின்னக் குறை உண்டு. பெண் பார்த்து, காபி குடித்து, சரி என்று சொல்லிப்போன மாப்பிள்ளை வீட்டாரும் மறுநாள் 'மனம் மாறி'விடுகிறார்கள். மாறுதலுக்குத் திசை கிடையாது. திரும்புகிறவனுக்குத்தான் போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது, இயேசு சொன்ன கதையில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய கெட்ட குமாரனுக்கு இருந்ததுபோல.

பச்சாத்தாபம் என்று பெயர் பெற்றிருந்த, குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் அருட்சாதனம் இப்போது ஒப்புரவு ஆகிவிட்டது. அது நல்ல மாற்றம். மனஸ்தாப மந்திரத்தை மனத்துயர் செபம் என்று சொல்வதில்தான் எனக்கு முழுச் சம்மதமில்லை. துயர் யாருக்கும் எதனாலும் வரலாம். தவறு செய்திருக்க வேண்டியதில்லை. சூடு அதில் ஆறிப்போய்விட்டது.

சரியான தமிழ் வேண்டுமென்றால் வெகுதூரம் தேட வேண்டாம். "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்கிறது குறள். மனஸ் என்பதற்கு நெஞ்சு, தாபம் என்பதற்குச் சுடுதல். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அந்தக் குறள் வாய்மை அதிகாரத்தில் இருப்பது இன்னும் பொருத்தம். தன் நெஞ்சறிந்த பொய்யைச் சொன்னவனுக்குத்தான் அந்தச் சூடு. ஆகவே மனஸ்தாபத்துக்கு 'நெஞ்சுசுடுதல்' என்பேன். அதற்குப் பின் எழுந்து நடப்பதற்கு மனந்திரும்புதல்.

திருப்பலியின் தொடக்கத்தில் "என் பாவமே, என் பாவமே" என்று சொல்லும்போது எல்லோரும் மார்பில் தட்டிக்கொள்வார்கள். பலருக்கு விரல் நுனி சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டு வரும். பாட்டி மூன்று முறையும் கையை முடக்கித் தட்டுவார். பக்கத்தில் நிற்கும் எனக்குச் சத்தம் கேட்கும்.