பாட்டியின் அம்மா பெயர் என்ன?

மனநல ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுப்பேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. மூன்று தலைமுறையாவது வரையுங்கள், முடிந்தால் நான்கு என்பேன். யார் யாரோடு பேச்சு இல்லை, யார் சின்ன வயதில் இறந்தார்கள், யாரைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். ஜீனோகிராம் என்று இதற்குப் பெயர். குடும்ப வரைபடம் என்று நான் சொல்லிக்கொடுப்பேன்.

அநேகமாக எல்லோருடைய பென்சிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அப்பாவின் அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். அவருடைய அப்பா பெயரும் சிலருக்குத் தெரியும். அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் யார் என்று கேட்டால், ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். சிலரால் முடியாது. வேலை, தூக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஊர் ஊராகப் போய் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் என்னிடம் கூட்டி வருகிறார்கள். இப்படி வந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முதலில் பேசியது அவர் மனைவிதான். "மேடம், மாமியார் போய் எட்டு மாசம் ஆகுது. அன்னைக்கு இவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப என்னடான்னா வாரத்துல மூணு நாள் நோட்டுப் புஸ்தகத்தோட பஸ் ஏறிப் போயிடறாரு. எங்க போறாருன்னு கேட்டா, தெரியாத ஊர் பேரா சொல்றாரு."

விஷயம் இதுதான். அம்மாவின் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது ஒரு மொய் நோட்டு கிடைத்திருக்கிறது. 1957-இல் நடந்த அப்பா அம்மா கல்யாணத்தின் மொய். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், பெரிய மனிதர்கள் ஐந்து ரூபாய். அதில் ஒரு ஊர்ப் பெயர் மட்டும் பதினொரு இடத்தில் வருகிறது. அந்த ஊரைப் பற்றி வீட்டில் ஒருவர்கூட ஒருநாளும் பேசி அவர் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்த கண்ணுக்கு அது உறுத்தியிருக்கிறது.

அந்த ஊருக்குப் போனார். அது அவருடைய அம்மாச்சி பிறந்த ஊர். ஏதோ ஒரு நகைத் தகராறில் போக்குவரத்து நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் அம்மாவின் பெயரைச் சொன்னதும், "யாரு, நம்ம குஞ்சு மகனா நீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அம்மாவை யாரும் அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. அறுபது வருடம் கூடவே இருந்த அம்மாவுக்கு, தனக்குத் தெரியாத ஒரு செல்லப் பெயர் இருந்திருக்கிறது. சாவு வீட்டில் வராத அழுகை, அந்தத் திண்ணையில் வந்துவிட்டது.

இதை நான் நோயாகப் பார்க்கவில்லை. தாமதமாக வந்த துக்கம் அது. அம்மாவிடம் இனிமேல் எதையும் கேட்க முடியாது என்று ஆனபிறகு, அம்மாவைத் தெரிந்தவர்களிடம் கேட்கப் போயிருக்கிறார். என்னிடம் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு வாசலைத் தாண்டிய கையோடு வந்தவர்கள். அப்பா அம்மா இறப்பு, முதல் குழந்தை, பணி ஓய்வு, பெரிய நோய், வெளிநாட்டுக் குடியேற்றம் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். ஆகவே குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது, "இது எப்போது தொடங்கியது?" என்றுதான்.

வயதானவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முடிவு நெருங்குவதை உணரும் மனம் தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்கிறது, அது இயல்பானது, தேவையானது என்றார். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, கடைசிக் கட்டத்துக்கு உரிய வேலையாக, வாழ்ந்ததை முழுசாக ஏற்றுக்கொள்வதைச் சொன்னார். 'நான் யார்' என்று மனம் தடுமாறும் அடையாள நெருக்கடி என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்தவரும் அவர்தான். அந்த எரிக்சனுக்குத் தன்னைப் பெற்ற அப்பா யார் என்று கடைசிவரை தெரியாது. வளர்த்தவரின் பெயரோடு வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறிய பிறகு எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். வகுப்பில் படித்த நாளில் இது எனக்கு ஒரு தகவல்தான். வெற்று வட்டங்களை இத்தனை பேர் வரைந்து பார்த்த பிறகு, அந்த மனிதர் ஏன் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே கேள்வியைச் சுற்றி வந்தார் என்று புரிகிறது.

சிறு பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் கேட்க இருபது கேள்விகள் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது, இந்த மாதிரி. அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. சரி, அப்படியென்றால் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கலாமா? கூடாது. மனப்பாடம் செய்த விடையில் பலன் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரத்திலும் பயணத்திலும் பெரியவர்கள் கதை சொல்லும் வீடு என்பதற்கு அந்த விடைகள் ஓர் அறிகுறி. அந்தப் பேச்சுதான் பிள்ளையைத் தாங்குகிறது.

கடல் தாண்டிப் போனவர்களின் வாரிசுகளிடம் இந்தத் தேடல் இன்னும் கூர்மையாக இருக்கும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருந்த நேட்டால் பகுதிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். முனுசாமி 'மூன்சாமி' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் இந்த மாதிரிப் பதிவேடுகளில்தான்.

தன் முன்னோர் ஒருவருடைய அப்படிப்பட்ட பதிவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து வந்த ஒரு பெண்மணியை, உறவினர் ஒருவர் என்னிடம் அழைத்து வந்தார். கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால், அது எந்த ஊர் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஏமாற்றமாக இருக்குமே என்று கேட்டேன். அவர் விரலை ஒரு வரியில் வைத்துக் காட்டினார். இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. "அவரும் சின்ன வயசில் எங்கேயோ விழுந்திருக்கிறார்" என்றார். தமிழ் வராது, ஆங்கிலத்தில்தான் சொன்னார். கூலி எண்ணாக இருந்த ஒருவர், அந்தத் தழும்பால் அவருக்குத் தாத்தா ஆகிவிட்டார்.

தத்தெடுக்கப்பட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேர் தெரியாத குழப்பம் பிள்ளைகளின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று எச். ஜே. சான்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1964-லேயே எழுதிவிட்டார். நம் நாட்டில் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான காராவின் விதிகள் வேர் தேடலை அனுமதிக்கின்றன. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால், வளர்க்கும் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது ஆள் தேடித் தருவதற்கு அனுமதி இல்லை. பெற்றவளின் ரகசியமும் காக்கப்பட வேண்டியது என்பதால் எல்லா விவரமும் கிடைக்காமல் போகலாம். வளர்த்த பெற்றோர் பலர், "எங்க பாசத்துல என்ன குறை?" என்று என் முன்னால் அழுதிருக்கிறார்கள். குறை எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை வேறு அம்மாவைத் தேடவில்லை, தன் முதல் பக்கத்தைத் தேடுகிறது. இதை அவர்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

காயப்படும் இடங்களும் இந்தத் தேடலில் உண்டு. பழைய பத்திரத்தைக் காட்டுங்கள் என்று பங்காளி வீட்டில் போய்க் கேட்டால், பாகம் கேட்க வந்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். எனவே பத்திரத்தைக் கேட்காதீர்கள், போட்டோவைக் கேளுங்கள். போட்டோவைப் பார்த்தபடி பேசினாலே பாதிக் கதை வந்துவிடும். அப்புறம், தோண்டத் தோண்ட இரண்டாம் தாரம், தற்கொலை, சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் தலைமுழுகப்பட்ட அத்தை என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். வீட்டிலேயே எச்சிலை எடுத்து அனுப்பும் டிஎன்ஏ பரிசோதனையும் அப்படித்தான். உயிரோடு இருப்பவர் ஒருவரின் ரகசியம் அதில் உடையலாம். கையில் கிடைத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், அதில் சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருந்தால் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. அம்மாவை இழந்த துக்கத்தில் தொடங்கிய தேடல், ஒரு கட்டத்தில் 'நாங்கள் ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டுவதில் போய் முடிவதை அடிக்கடி பார்க்கிறேன். பத்திரமும் பட்டாவும் கல்வெட்டும் நிலம் வைத்திருந்தவர்களைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து வேலை செய்தவர்களின் பெயர் அநேகமாக எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை என்னிடம் வந்து, "எங்க தாத்தாவுக்கு மேல ஒண்ணுமே இல்ல மேடம்" என்று சொல்லும்போது, அந்த வெற்று இடம் தானாக வந்ததில்லை என்பதையும் சேர்த்தே பேசுகிறோம்.

பெரியவர்களிடம் கேட்பதற்குத் தேதி உதவாது. பிறந்த தேதி என்று சான்றிதழில் இருப்பது, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதாக இருக்கலாம். அவர்களுடைய காலக்கணக்கு வேறு. தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் 1964 டிசம்பருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பினோம் என்று தொடங்கும் குடும்பக் கதைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்ல" என்பார்கள். "உங்க கல்யாணத்துக்கு எத்தனை நாள் பந்தல் போட்டாங்க, சமைச்சது யாரு?" என்று கேளுங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும், களைத்துவிடுவார்கள். மறதி நோய் தொடங்கியவர்களிடமும் கேட்கலாம். காலையில் சாப்பிட்டது மறந்தாலும் இளமைக்கால நினைவு நெடுநாள் தங்கும்.

மொய் நோட்டுக்காரர் நான்கு மாதம் வந்தார். ஊர் சுற்றுவது வாரம் ஒன்றாகக் குறைந்தது, தூக்கமும் வந்துவிட்டது. கடைசிச் சந்திப்பில் தாளைக் காட்டினார். அம்மாச்சியின் அம்மா வட்டத்தில் ஒரு பெயர் இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய ஊர். அவர் மனைவி அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க பொறந்த வீட்டுப் பக்கத்துக்கு ஒரு தாள் கொடுங்க" என்றார். "எங்க பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. இந்தத் தை மாசம் போறேன்."