முதல் எல்க் வேட்டைக்குக் கைடு வேண்டுமா? அம்பு விட்ட பிறகு நடப்பதை யோசியுங்கள்

போன செப்டம்பரில் ஒரு நாள், விடியற்காலை 3 மணி. எல்க் வேட்டைக்குப் போன ஒருவரைத் தேடல் மீட்புக் குழுவினர் என் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர், டெக்சாஸில் வேலை பார்க்கும் தமிழர். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடது கையில் கறி போடும் வெள்ளைத் துணிப்பையைச் சுற்றி, கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தால் கட்டைவிரல் அடியிலிருந்து உள்ளங்கைக்குக் குறுக்காக ஒரு வெட்டு. வெட்டுக்குள் எல்க் என்கிற பெரிய மானின் முடி. அந்த முடி உள்ளே வெற்றிடமாக, குழல் மாதிரி இருக்கும். பிடித்து இழுத்தால் ஒடிந்து சதைக்குள்ளேயே தங்கிவிடும். உப்புநீரை விட்டு விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க 40 நிமிடம் ஆனது.

ஆக்சிஜன் மாஸ்க் போட்டபடியே அவர் அவ்வளவு நேரமும் இருமிக்கொண்டிருந்தார். கையை விட அந்த இருமல்தான் எனக்குப் பயமாக இருந்தது. மலையில் மீட்புக் குழு எடுத்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 71 சதவீதம்தான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

"கைடு எல்லாம் வயசானவங்களுக்கும் காசு இருக்கிறவங்களுக்கும்னு நினைச்சேன் டாக்டர். நான் வருஷத்துக்கு ரெண்டு ஹாஃப் மாரத்தான் ஓடுறேன்" என்றார்.

அந்தப் பருவத்தில் இதே காரணங்களோடு வந்த நான்காவது ஆள் அவர். அந்த நால்வரில் தமிழில் பேசியவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் கொலராடோவின் மேற்குப் பக்கம், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர் மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவர். நான் வேட்டையாடுவதில்லை. ஆனால் வில்வேட்டைப் பருவமான செப்டம்பர் முழுக்க வேட்டைக்காரர்களைத்தான் பார்க்கிறேன். வந்த தமிழ் இளைஞர்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். ஊரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. இங்கே வந்து, அலுவலக நண்பர் ஒருவர் வில்லைக் கையில் கொடுக்க, கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் வாங்கி, வீட்டுப் பின்புறத்தில் ஒரு வருடம் எய்து பழகிவிட்டு நேராக எல்க் தேடி மலையேறுகிறார்கள். ஆசையில் தவறில்லை. கேள்வியைத்தான் தப்பாகக் கேட்கிறார்கள். "கைடு இல்லாமல் எல்க் கிடைக்குமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். வில்லோடு போகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு, நல்ல வருடத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கைடு வைத்தாலும் வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பு அதிகம். எனவே அந்தக் கேள்வியை ஓரமாக வையுங்கள். கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? எனக்கு அதைச் சொல்லுங்கள்.

அதற்கு முன், என்னை மிகவும் வருத்துகிற ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "நான் ஃபிட்டா இருக்கேன், எனக்கு உயரம் ஒண்ணும் பண்ணாது."

பண்ணும். நல்ல உடற்பயிற்சி உள்ளவருக்கு மலை நோய் வராது என்பது அப்பட்டமான பொய். ஓடிப் பழகிய இதயமும் காலும் உங்களை வேகமாக மேலே கொண்டுபோகும், அவ்வளவுதான். 3,000 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 10,000 அடியில், ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். இதற்கு உடம்பு பழகுவதற்கு நாட்கள் வேண்டும். ஜிம்மில் கழித்த மாதங்கள் அந்த நாட்களுக்கு ஈடாகாது. சொல்லப்போனால் எனக்கு ஃபிட்டான ஆட்களை நினைத்தால்தான் அதிகக் கவலை. தொப்பை உள்ளவர் 500 அடி ஏறியதும் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவார். மாரத்தான் ஓடுகிறவர் ஹூஸ்டனில் காலையில் விமானம் ஏறி, மாலையில் 9,500 அடியில் கூடாரம் அடித்து, மறுநாள் விடியும்போது 11,000 அடியில் நிற்பார். முதல் நாள் தலைவலி. "தண்ணி குறைவா குடிச்சிருக்கேன் போல." இரண்டாம் நாள் பசி இருக்காது. "அலைச்சல்." மூன்றாம் இரவு வறட்டு இருமல், படுத்தால் மூச்சு முட்டும். "சளி பிடிச்சிருக்கு." நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள்தான் தொடங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது சளி இல்லை. உடனே கீழே இறங்க வேண்டும், இருட்டாக இருந்தாலும். இறங்குவதும் ஆக்சிஜனும்தான் வைத்தியம்.

இதில் மிக மோசமான விஷயம், ஆக்சிஜன் குறையும்போது சீக்கிரமே மங்கிவிடுவது யோசிக்கும் திறன். தனியாக இருப்பவர் தன்னுடைய மங்கிய மூளையை வைத்துத்தான் தன் நிலைமையை எடைபோட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கண் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு இதயத் தமனி அடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. நாற்பதைத் தாண்டியவர், வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ மாரடைப்பு வந்திருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்றால், வில் வாங்கும் முன் இதய மருத்துவரைப் பாருங்கள். மலைக்குப் புறப்படும் முந்தின வாரம் பார்த்துப் பயனில்லை.

சரி, அம்புக்கு வருவோம்.

அவருடைய அம்பு நன்றாகத்தான் பட்டிருக்கிறது. 30 மீட்டரில், மாலை ஆறரை மணிக்கு, 10,800 அடியில். எல்க் பாய்ந்து மரங்களுக்குள் மறைந்தது. அடுத்த நிமிடமே இவர் பின்னால் ஓடினார். அனுபவசாலி யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். நுரையீரலில் பட்டிருந்தால் குறைந்தது அரை மணி நேரம். கல்லீரலில் பட்டிருந்தால் 4 முதல் 6 மணி நேரம். குடலில் பட்டிருந்தால் விடியும்வரைகூட. காத்திருந்தால் விலங்கு பக்கத்திலேயே படுத்து உயிர்விடும். துரத்தினால் காயத்தோடு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அது அந்த விலங்குக்கு இழைக்கும் கொடுமை. இவர் துரத்தியதில் எல்க் ஒரு செங்குத்தான ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஒன்பதரை மணிக்குக் கண்டுபிடித்திருக்கிறார், ஒற்றைத் தலைவிளக்கு வெளிச்சத்தில், தனியாக.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம் ஊர்க் கடமானுக்குப் பெரியண்ணன். அதைப் புரட்டவே இரண்டு ஆள் வேண்டும். இவர் ஒரு தொடையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே அறுத்திருக்கிறார். கத்தி வழுக்கியது.

கணக்கைப் பாருங்கள். எலும்பு நீக்கிய கறியே 90, 100 கிலோ வரும். நீங்கள் ஒரு நடைக்கு 25 கிலோ சுமக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் அது பெரிய சுமை. 4 நடை. வண்டி 5 கிலோமீட்டரில் நிற்கிறது என்றால் சுமையோடு நான்கு தடவை இறங்கி, வெறுங்கையோடு மூன்று தடவை ஏற வேண்டும். 35 கிலோமீட்டர், பாதை இல்லாத மலையில். செப்டம்பர் நண்பகலில் நல்ல வெயில் அடிக்கும். தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். அவருடைய எல்க் ஓடையிலேயே கெட்டது. கையைத் தைக்கும்போது அதைச் சொல்லித்தான் அழுதார், வலிக்காக இல்லை.

"இங்க இருக்கிற வெள்ளைக்காரப் பசங்க எல்லாம் கைடு இல்லாமத்தானே போறாங்க?" என்று கேட்பார்கள். போகிறார்கள். ஆனால் இந்த ஊரில் பிறந்த பையன் பத்து வயதில் அப்பாவோடு கறிப்பை தூக்கியவன். மாமாவிடம் கோவேறு கழுதை இருக்கும். ஃபோன் செய்தால் மூன்று மச்சான்கள் சுமைப்பையோடு வந்து நிற்பார்கள். கைடு அவன் வீட்டிலேயே இருக்கிறார். நமக்கு அந்த மாமா இல்லை. இல்லாத மாமாவுக்குப் பதிலாகத்தான் பணம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்கிறோம். இதில் மானப் பிரச்சினை எங்கே இருக்கிறது?

பணம் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. முழு நேரக் கைடு, முகாம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000 டாலருக்குக் குறைந்து கிடைப்பது கடினம். 8,000, 10,000 வரைகூடப் போகும். வெளிமாநிலத்தவருக்கான உரிமக் கட்டணம் தனி. ஆனால் முழுக் கைடு, இல்லையென்றால் தன்னந்தனி என்று இரண்டே வழிதான் இருப்பதாக யார் சொன்னது? குதிரையில் உங்களை ஏற்றிக்கொண்டுபோய், ஏற்கெனவே அடித்து வைத்த கூடாரத்தில் விட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. அதை டிராப் கேம்ப் என்பார்கள். செலவு பாதிக்கும் குறைவு. அதுவும் முடியாதென்றால், விலங்கு விழுந்த பிறகு குதிரையோடு வந்து கறியை மட்டும் இறக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புறப்படும் முன்பே பேசி வைத்து, அவர்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். என்னிடம் வந்த நான்கு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது தெரிந்திருக்கவில்லை.

சில இடங்களில் முடிவு உங்கள் கையிலேயே இல்லை. வயோமிங்கில் மத்திய அரசு வனாந்தரப் பகுதியாக அறிவித்த நிலத்தில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற கைடோ, அதற்கென அனுமதி பெற்ற அந்த மாநிலவாசியோ கூட இருந்தாக வேண்டும். கொலராடோவில் அந்தச் சட்டம் இல்லை. 2025 முதல் வெளிமாநில வில்வேட்டைக்காரர்களுக்கு, எல்க் நிறைந்திருக்கும் மேற்குப் பகுதி முழுவதற்கும் உரிமம் குலுக்கலில்தான். கடையில் போய் வாங்கிக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது.

கைடு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு, ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவரைக் குதிரையில் இறக்கிக் கொண்டுவந்தார் ஒரு கைடு. இருபத்தாறு வயதுப் பெண். முந்தின இரவு அவர் சாப்பிடாமல் படுத்ததையும், காலையில் பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்தபோது மூச்சு வாங்கியதையும் கவனித்திருக்கிறாள். அவர் "ஒன்றுமில்லை" என்று எவ்வளவோ வாதாடியும் கேட்காமல் வேட்டையை நிறுத்திவிட்டாள். நான் பார்க்கும்போது நுரையீரலில் நீர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டே நாளில் வீட்டுக்குப் போனார். ஆனால் அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் மறைத்திருக்கிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். உங்களை மலையிலிருந்து இறக்கப்போகிறவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

ஃபேஸ்புக்கில் பார்த்து, ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்கிற ஆளோடும் போகாதீர்கள். கொலராடோவில் பணம் வாங்கி வேட்டைக்கு அழைத்துப்போகும் அவுட்ஃபிட்டர் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும். அவரிடம் வேலை பார்க்கும் கைடிடம் முதலுதவிச் சான்று இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டதும் குரல் மாறினால் ஃபோனை வைத்துவிடுங்கள். பெரிய கொம்புப் படங்களைப் பார்த்து மயங்காமல் வேறு கேள்விகள் கேளுங்கள். முகாம் எத்தனை அடியில்? ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர்? இரவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் சாலைக்கு எத்தனை மணி நேரம்? ஆக்சிஜன் இருக்கிறதா? கறியை யார் இறக்குவார்கள், அதற்குத் தனிக்காசா?

யாருக்குக் கைடு தேவையில்லை? மேற்கு மலைகளில் ஏற்கெனவே முகாமிட்டுப் பழகியவர், மான் ஒன்றையாவது தன் கையால் அறுத்துப் பிரித்தவர், கூட வர நம்பிக்கையான இரண்டு பேர் உள்ளவர், சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வேட்டையாட மனக்கட்டுப்பாடு உள்ளவர். இந்த நான்கும் இருந்தால் போய்வாருங்கள், நான் தடுக்க மாட்டேன்.

எப்படிப் போனாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். டென்வரில் ஓர் இரவு, 8,000 அடியில் இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே போங்கள். மலை நோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை உங்களுக்குச் சரிப்படுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி உடம்போடு இருக்கட்டும், கூடாரத்தில் இருந்தால் பயனில்லை. ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை, அதாவது டூர்னிகெட் ஒன்று வேண்டும், அதை ஒற்றைக் கையால் மாட்டப் பழகியிருக்க வேண்டும். அம்பு முனைகள் பிளேடு, எப்போதும் மூடிய கூட்டில்தான் இருக்க வேண்டும். இருட்டில் தனியாகக் கறியை அறுத்துப் பிரிக்காதீர்கள். வயிற்றை மட்டும் திறந்து, குடலை எடுத்து, கறியில் காற்று படும்படி செய்துவிட்டு வந்தால் அந்த மலைக்குளிரில் விடியும்வரை பெரும்பாலும் தாங்கும். அவ்வளவுகூடச் செய்ய முடியாத இடம் என்றால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள்.

உதவி கேட்கத் தயங்காதீர்கள். இங்கே தேடல் மீட்புக் குழுவினர் எல்லோரும் தன்னார்வலர்கள், மீட்டதற்குக் காசு கேட்பதில்லை. அன்றிரவு அவரைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். காலை 6 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று, காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

கொலராடோக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கெடு ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. நல்ல அவுட்ஃபிட்டர்களின் இடங்கள் அதற்கு முன்பே நிரம்பத் தொடங்கிவிடும். ஜனவரியிலேயே ஃபோன் செய்யுங்கள். முகாம் எத்தனை அடியில் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.