பொருந்தும் கேபிள், வராத படம்

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட், மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட். ஒரு முனையில் இதுவும் மறுமுனையில் அதுவும் உள்ள கேபிளை வாங்கி மாட்டினால், இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும். திரையில் 'நோ சிக்னல்' என்றுதான் வரும். கேபிள் பழுதில்லை, பெரும்பாலும் அது டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மட்டும் படம் அனுப்பும் ஒருவழிக் கேபிள்.

எச்டிஎம்ஐயும் டிஸ்பிளேபோர்ட்டும் படத்தை அனுப்பும் விதமே வேறு. 2002இல் வந்த எச்டிஎம்ஐயில், அதன் வழக்கமான முறைப்படி, மூன்று கம்பி இணைகள் வண்ணத் தகவலைச் சுமக்கின்றன. நான்காவது இணை, தரவை எந்த நேரத்தில் படிப்பது என்று சொல்லும் கடிகாரத் துடிப்பை அனுப்புகிறது. 2006இல் வந்த டிஸ்பிளேபோர்ட்டோ படத்தைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. கடிகாரத்துக்குத் தனிக் கம்பி கிடையாது, தரவுக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

அப்படியானால், டிஸ்பிளேபோர்ட் உள்ள லேப்டாப்பை எச்டிஎம்ஐ டிவியோடு மலிவான அடாப்டர் எப்படி இணைக்கிறது? பல கணினிகளின் டிஸ்பிளேபோர்ட்டுக்கு எச்டிஎம்ஐ முறையில் அனுப்பவும் தெரியும். போர்ட்டின் 20 பின்களில் (உலோகத் தொடுமுனைகளில்) 13ஆவது பின் வழியாக 'அடாப்டர் மாட்டியிருக்கிறது' என்று தெரிந்ததும் போர்ட் அந்த முறைக்கு மாறிவிடும். மின்னழுத்த அளவைச் சரிசெய்வது மட்டும்தான் அடாப்டரின் வேலை. எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு இந்த இரட்டைத் திறமை இல்லை. அங்கிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போக, சிக்னலையே மாற்றி எழுதும் சிப் வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும். அதனால்தான் அந்த வகை அடாப்டர்களில் கூடுதலாக ஒரு யுஎஸ்பி வால் தொங்குகிறது.

பழைய புரொஜெக்டர்களின் விஜிஏ, ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. அது அனலாக்: 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அழுத்தம்தான் நிறத்தின் அளவு. எனவே எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கும் சிப் தேவை. எச்டிஎம்ஐயின் 5 வோல்ட் பின் 55 மில்லிஆம்பியர் கொடுத்தாலே விதிப்படி போதும். அடாப்டர் அதற்குமேல் கேட்டால் சில லேப்டாப்களில் படம் விட்டுவிட்டு வரும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது யுஎஸ்பி-சி விஷயத்தில்தான். ஒரே வடிவம், 24 பின்கள்; ஆனால் உள்ளே கிராபிக்ஸ் இணைப்பு இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. இருந்தால், லேப்டாப்பும் அடாப்டரும் முதலில் ஒரு கட்டுப்பாட்டுக் கம்பியில் பேசிக்கொண்டு, அதிவேகக் கம்பி இணைகளை டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒதுக்குகின்றன. இல்லாவிட்டால் சாதாரண யுஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டர் எதை மாட்டினாலும் பயனில்லை. டிரைவர் மென்பொருளோடு யுஎஸ்பி தரவாகவே படத்தை அனுப்பும் தனி வகைதான் கைகொடுக்கும். போர்ட் பக்கத்தில் ஒரு சின்னம் அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்? எல்லா லேப்டாப்பிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அப்புறம், ஒரு யுஎஸ்பி-சி போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் ஹப் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பல ஹப்கள் அந்த நான்கு அதிவேகக் கம்பி இணைகளில் இரண்டை வேகமான யுஎஸ்பிக்கு எடுத்துக்கொள்கின்றன. படத்துக்கு மிச்சம் இரண்டுதான். டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் கொண்டுபோகும். நான்கும் கிடைத்தால் 60. மவுஸ் அம்பு திரையில் திக்கித் திக்கி நகர்ந்தால், முதலில் ஹப்பின் அட்டைப்பெட்டியில் 4கேக்கு 30 என்றிருக்கிறதா 60 என்றிருக்கிறதா என்று பாருங்கள்.