ஆயிரம் வாட் கிட் வாங்கும் முன் உங்கள் ஃபோர்க்கை ஒரு முறை பாருங்கள்

போன வாரமும் ஒருவர் என் பட்டறைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கியர் சைக்கிள், முன் சக்கரத்தைப் பிடிக்க அலுமினிய அலாய் சஸ்பென்ஷன் ஃபோர்க், அதில் சைக்கிளை எலெக்ட்ரிக் ஆக்க ஆன்லைனில் வாங்கிய கிட்: சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் 1000 வாட் ஹப் மோட்டார். ஃபோர்க்கின் வலது காலில் அச்சு உட்காரும் வெட்டு விரிந்து, அதன் ஒரு பக்க உதடு பெயர்ந்தே போயிருந்தது. பிடி விட்டதும் அச்சு தானாகச் சுற்றியிருக்கிறது. மோட்டாருக்குள் போகும் ஒயர் முறுக்கிக்கொண்டு, மூன்று பேஸ் ஒயரும் மேலுறை உரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலரும் காலி. சிக்னலில் நின்று கிளம்பும்போது நடந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. இதே அவிநாசி சாலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

உடைந்த ஃபோர்க் எனக்குப் பழகிவிட்டது. "ஏனுங்ணா, 1500 வாட் போட்டா இந்தத் தொந்தரவு வராதுங்களா?" என்று கேட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. எனவே இந்த வாட் கணக்கை ஒரேயடியாகப் பேசித் தீர்த்துவிடலாம்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் புதிதல்ல. வீட்டுக்கு ஒருவராவது பம்ப்செட்டோ வைண்டிங்கோ தெரிந்தவர் இருப்பார். ஒரு எச்.பி. என்றால் 746 வாட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கிணற்று மோட்டாரின் தகட்டில் ஒன்றரை எச்.பி. என்று இருந்தால் அது சோதித்துப் போட்ட எண். கரண்ட் சரியாக வந்தால் அந்த வேலையை அது செய்யும். அதே நினைப்பில் ஹப் மோட்டாரின் ஸ்டிக்கரையும் படிக்கிறார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

ஹப் மோட்டாரில் ஒட்டியிருக்கும் வாட், சூடு தாங்குவதைப் பற்றிய ஒரு உத்தேச எண். ஒரே மோட்டார், ஒரே காயில், ஒரே எடை. ஒரு பெட்டியில் 250 என்று வரும், இன்னொரு பெட்டியில் 350 என்று வரும். நிஜமாக எவ்வளவு பவர் போகிறது என்பதை முடிவு செய்வது பேட்டரியின் வோல்ட்டும் கண்ட்ரோலர் விடும் ஆம்பியரும்தான். 36 வோல்ட், 7 ஆம்பியர் கண்ட்ரோலர் என்றால் 252 வாட். அதே மோட்டாரில் 15 ஆம்பியர் கண்ட்ரோலரைப் போட்டால் 540 வாட் உள்ளே போகும். ஸ்டிக்கர் மாறவில்லை, மோட்டார் மாறவில்லை. அப்புறம் எந்த வாட்டை நம்பி வாங்குகிறீர்கள்?

சரி, வேகம்? அதற்கும் வாட்டுக்கும் நேர் சம்பந்தம் இல்லை. வேகத்தை எவ்வளவு தூரம் ஏற்ற முடியும் என்பதை வோல்ட்டும் வைண்டிங்கும் முடிவு செய்யும். இழுவையைக் கொடுப்பது ஆம்பியர். விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 36 வோல்ட்டில் 200 ஆர்.பி.எம். சுற்றும் மோட்டாரை 26 இஞ்ச் சக்கரத்தில் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். லோடு இல்லாமல் மணிக்கு 25 கிலோமீட்டர் சுமார். 300 ஆர்.பி.எம். என்றால் 37. நமக்கு 300 எதற்கு? வேகமாகச் சுற்றும்படி கட்டிய வைண்டிங், அதே ஆம்பியரில் இழுவையைக் குறைத்துத்தான் கொடுக்கும். மேம்பாலம் ஏறும்போது தெரியும்.

எவ்வளவு பவர் தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆள், சைக்கிள், கிட், பேட்டரி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். சமதளத்தில், எதிர்காற்று இல்லாமல், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் சக்கரத்தில் 200 வாட் கூடத் தேவையில்லை. அதையே 40-க்கு ஏற்றினால் 600 வாட்டை நெருங்கும். வேகம் ஒன்றரை மடங்கு, செலவு மூன்று மடங்கு. எல்லாம் காற்றைத் தள்ளுவதற்கு. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் மேட்டில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 300 வாட் போதும், அதிலும் நீங்கள் பெடல் மிதித்தால் 100 வாட்டை உங்கள் கால் கொடுத்துவிடும். காந்திபுரத்திலிருந்து பீளமேட்டுக்கு வேலைக்குப் போய்வர 1000 வாட் எதற்கு என்று எனக்கு இன்றுவரை யாரும் விளங்கவைக்கவில்லை.

ஆசையாக இருக்கிறது என்பீர்கள். அந்த ஆசைக்கு உங்கள் சைக்கிள் சம்மதிக்குமா என்று பார்க்க வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அச்சைப் பின்பக்கமாக அதே முறுக்கில் திருப்பப் பார்க்கும். அச்சைப் பிடித்துவைத்திருப்பது அதன் இரு பக்கமும் தட்டையாகச் செதுக்கிய பகுதி மட்டும். அது 10 மில்லிமீட்டர் அகலம். சாதாரண 40 நியூட்டன் மீட்டர் முறுக்கை அந்த 10 மில்லிமீட்டர் தாங்க வேண்டும் என்றால், வெட்டின் உதடுகளில் விழும் அழுத்தம் 400 கிலோவைத் தொடும். ஒவ்வொரு முறை த்ராட்டிலைத் திருகும்போதும் இது நடக்கிறது. எஃகு கொஞ்சம் வளைந்து காட்டும், திரும்பப் பார்க்க நேரம் கொடுக்கும். அலுமினியம் எச்சரிக்காது, பட்டென்று விட்டுவிடும்.

அதனால்தான் அலாய் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஹப் மோட்டார் போடாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். அந்த ஃபோர்க்குகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அச்சு வெட்டைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், சாதாரணச் சக்கரம் நழுவாமல் இருக்க. மோட்டாரின் வாஷர் அந்தப் பள்ளத்தைவிடப் பெரியது. விளிம்பில் சாய்ந்து உட்காரும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. போன வாரம் வந்த ஃபோர்க்கில் வாஷர் அழுந்திய தடம் அரை வட்டமாக மட்டும் இருந்தது. மீதி அரை வட்டம் உலோகத்தைத் தொடவே இல்லை.

அச்சு உள்ளே போகவில்லை என்று அரத்தை எடுத்து ராவுகிறவர்களும் இருக்கிறார்கள். பல முன் ஃபோர்க்குகளில் வெட்டு 8 அல்லது 9 மில்லிமீட்டர்தான், மோட்டார் அச்சுக்கு 10 வேண்டும். எஃகு ஃபோர்க் என்றால் இரண்டு பக்கமும் சமமாக, அச்சு இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் ராவலாம். மேலே ஆழமாக்கக் கூடாது. அலாயில் அரத்தை வைக்கவே வேண்டாம். எதில் போட்டாலும் டார்க் ஆர்ம் கட்டாயம்: ஒரு முனை அச்சின் தட்டையைக் கவ்வி, மறு முனை ஃபோர்க் காலோடு கிளாம்ப் போடும் எஃகுத் தகடு. கிட்டோடு வரும் கொக்கி வாஷர் டார்க் ஆர்ம் ஆகாது. "பெட்டிக்குள்ள இல்லைங்ணா" என்பது பதில் இல்லை. தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகட்டில் அறுத்துத் தருவார்கள். நம் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

அடுத்து, "26 இஞ்ச் கிட்" என்ற பொறி. கியர் சைக்கிளின் 26 இஞ்ச் ரிம் வேறு, பெண்கள் ஓட்டும் பழைய 26 இஞ்ச் சைக்கிளின் ரிம் வேறு. டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 559 என்று இருந்தால் ஒன்று, 590 என்று இருந்தால் மற்றொன்று. கிட்டில் வருவது பெரும்பாலும் 559. அதை 590 சைக்கிளில் மாட்டினால் பிரேக் கட்டை ரிம்முக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே, டயரைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். தாத்தா காலத்து 28 இஞ்ச் சைக்கிளில் இன்னும் மோசம். அதன் கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பது. அப்படிப் பிடிக்க இடமே கிட் ரிம்மில் கிடையாது. "பிரேக்கைக் கழட்டி வெச்சுட்டேன், பின் பிரேக் இருக்கில்ல" என்று ஒரு பெரியவர் சொன்னார். மோட்டார் போடுகிறீர்கள், பிரேக்கைக் கழற்றுகிறீர்கள். என்ன சொல்வது? அந்தச் சைக்கிளின் ஃபோர்க் நல்ல எஃகு, மோட்டாருக்கு உகந்தது. வெறும் மோட்டாரை வாங்கி, அந்தச் சைக்கிளின் சொந்த ரிம்மிலேயே ஸ்போக்ஸ் போட்டுக் கட்டுங்கள். ஸ்போக்ஸ் நீளம் குறையும், ஓட்டை எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும், கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். செலவு பெரிதில்லை.

உள்ளே பல்சக்கரம் வைத்த கியர் ஹப்பா, பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரே சக்கரத்தைச் சுற்றும் நேரடி ஹப்பா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கியர் ஹப் சின்னது, இரண்டரை மூன்று கிலோ, கிளம்பும்போது நன்றாக இழுக்கும், பேட்டரி தீர்ந்தால் சாதாரணச் சைக்கிள் மாதிரி மிதிக்கலாம். உள்ளே நைலான் பல்சக்கரம் தேயும், மாற்றிக்கொள்ளலாம். நேரடி ஹப் கனமானது, சத்தமில்லாதது, பேட்டரி இல்லாமல் மிதித்தால் காலை இழுக்கும். மெதுவாக மேடு ஏறச் சொன்னால் பேட்டரியின் பாதியைச் சூடாக்கவே செலவழிக்கும். ஊருக்குள் நின்று நின்று போகும் 100 பேரில் 95 பேருக்கு கியர் ஹப்தான் என் தேர்வு. பால் கேன், காய்கறி மூட்டை கட்டுபவர்களும் அதையே பின் சக்கரத்தில் போடுங்கள். பின்னால் போடும் முன் ஃபிரேமின் உள் இடைவெளியை அளந்து வாருங்கள். கியர் சைக்கிளில் 135 மில்லிமீட்டர் இருக்கும், ஒற்றைப் பல்சக்கர சைக்கிளில் அவ்வளவு இருக்காது. ஃபிரேமைக் கையால் விரித்து மாட்டுவதெல்லாம் வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் மூன்று பேட்டரிகள் சந்தையில் உண்டு. 13 லித்தியம் அயன் செல் வரிசையாகக் கட்டியது 54.6 வோல்ட்டில் நிரம்பும். 16 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் கட்டியது 58.4-ல் நிரம்பும். நான்கு ஈயப் பேட்டரி கட்டியதற்கு வேறு சார்ஜர். மூன்று சார்ஜரிலும் 48 என்றுதான் போட்டிருக்கும், சொருகும் முனையும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டு சார்ஜரைக் கடன் வாங்கி மாட்டாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். காப்பாற்றும் என்று நம்பி விளையாட இது பொம்மை இல்லை. சார்ஜரின் அவுட்புட் வோல்ட்டைப் படித்து, பேட்டரியோடு ஒப்பிட்டு, இரண்டிலும் ஒரே நிறப் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். இரவு படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். வாசல் கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே வரும் வழி அதுதான். பழைய லேப்டாப் செல்லைப் பொறுக்கிக் கட்டிய பேட்டரியோடு என் பட்டறைக்கு வராதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன்.

"மேடு ஏறும்போது மட்டும் ஆஃப் ஆகிடுதுங்ணா" என்ற புகார் வந்தால் மோட்டாரைத் திறப்பதே இல்லை. 25 ஆம்பியர் கண்ட்ரோலர், 15 ஆம்பியர் தாங்கும் பேட்டரி. இழுக்கும்போது பி.எம்.எஸ். வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். பேட்டரி தாங்கும் ஆம்பியர் கண்ட்ரோலரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தூரத்துக்கு எளிய கணக்கு: 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360 வாட் அவர். மிதிக்காமல் த்ராட்டிலிலேயே போனால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட் அவர் பிடிக்கும். 25, 30 கிலோமீட்டர் வரும், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. 60 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பாதியை நீங்கள் மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் தொடர்ந்து 30 நிமிடம் கொடுக்கக்கூடிய பவர் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்பதுதான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள எல்லை. தாண்டினால் அது மோட்டார் வாகனம்: பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். விபத்து நடந்த பிறகு ஸ்டிக்கரைக் கிழித்துப் பயனில்லை.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்புப் பையனின் சைக்கிளில் மோட்டார் போட்டுத் தரச் சொல்லி வருகிறீர்கள். அந்த ஃபிரேமும் அந்தப் பிரேக்கும் பிள்ளை மிதிக்கும் வேகத்துக்குச் செய்தவை. தயவுசெய்து வேண்டாம். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பிரேக் லீவரைப் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா? கட் ஆஃப் ஒயர் மாட்டாமல் கேபிளோடு சுருட்டிக் கட்டிவைத்திருந்தால் மாட்டுங்கள். அச்சுக்குள் போகும் ஒயர், சக்கரத்துக்கு வெளியே ஒரு முறை கீழே இறங்கி மேலே ஏற வேண்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப் வைத்து ஹப்பைக் கழுவக் கூடாது. ஈரத் துணி போதும். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கும், அச்சு நட்டும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும். 18 நம்பர் ஸ்பேனர் வீட்டில் இல்லையென்றால் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். நட்டு முறுக்குவதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஞாயிறு மட்டும் கடை லீவு.